தார்ப்பாயில் படகுப் பாய்: துணியில் மிச்சம் பிடிக்கலாம், ஓரத்தில் கூடாது

கேள்வி இதுதான்: பழவேற்காடு ஏரி மாதிரி ஆழம் குறைந்த நீரில் ஓட்ட 13 அடி பிளைவுட் படகு ஒன்று இருக்கிறது. டாக்ரான் (பாய்க்கென்றே நெய்யும் பாலியஸ்டர் துணி) பாய் வாங்கக் கட்டுப்படியாகாது. மழைக்குக் கூரை மேல் போடும் தார்ப்பாயை வெட்டித் தைத்தால் பாய் ஆகுமா? ஆகும் என்றால் எப்படி?

தாராளமாக ஆகும். படுக்கிற பாய்க்கும் படகுப் பாய்க்கும் நம்மிடம் ஒரே சொல்தான். பசிபிக் தீவுகளில் தாழை ஓலையைப் பின்னியே பாய் கட்டினார்கள். மடகாஸ்கரின் வெசோ மீனவர்கள் அரிசிச் சாக்கைத் தைத்துக் கட்டுகிறார்கள். கையில் கிடைத்ததில் பாய் கட்டுவது புதுசு இல்லை. ஆனால் தார்ப்பாயை அப்படியே நாலு மூலையில் கட்டித் தூக்கினால் அது காற்றோடு போகும்போது மட்டும்தான் இழுக்கும். காற்றைப் பக்கத்தில் வாங்கிப் போகவும், எதிர்க்காற்றில் சாய்ந்து சாய்ந்து ஏறவும் பாய்க்கு ஒரு வயிறு வேண்டும், ஓரம் விறைப்பாக நிற்க வேண்டும். அந்த இரண்டையும் தருவது துணி இல்லை, வெட்டும் ஓரவேலையும்தான். ஆகவே துணியில் மிச்சம் பிடியுங்கள். நூல், கயிறு, மூலை ஒட்டு இவற்றில் பிடிக்காதீர்கள்.

முதலில் எந்தத் துணி என்பதை முடித்துவிடுவோம். பருத்திக் காடாத்துணி பார்க்க அழகு, ஆனால் நனைந்தால் கனக்கும், இழுபடும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழுந்து இற்றுப்போகும். சிமெண்ட் சாக்கு, சர்க்கரைச் சாக்குகளில் மேல்பூச்சு இல்லாதவை காற்றைக் கசியவிடும், வெயிலில் சீக்கிரம் பொடியும். குடைத்துணி மாதிரி மெல்லிய நைலான் இழுபடும் குணம் உள்ளது. மெல்லிய காற்றுக்குச் சரி, மற்றதுக்கு வேண்டாம். பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஊரெல்லாம் சும்மா கிடைக்கிறதே என்று பலரும் கேட்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் கனம். சதுர மீட்டருக்கு 300 கிராமை ஒட்டி இருக்கும். மடித்த மடிப்பில் பூச்சு வெடிக்கும், தையல் துளையில் கிழிசல் ஓடத் தொடங்கினால் நிற்காது. தலைவர் சிரித்தபடி ஏரியில் போவது வேடிக்கையாக இருக்கும் என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை. அளவு சரியா என்று பார்க்க மாதிரிப் பாய் வெட்ட அது நல்ல பொருள். அதோடு விடுங்கள்.

மிஞ்சுவது பாலித்தீன் தார்ப்பாய். நடுவில் பாலித்தீன் நாடாவால் நெய்த துணி, இரண்டு பக்கமும் மெல்லிய பாலித்தீன் பூச்சு. சிறு படகுக்கான டாக்ரான் துணி சதுர மீட்டருக்கு 160, 170 கிராம் வரும். அதோடு ஒப்பிட்டால் உங்களுக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தார்ப்பாய் போதும். 90-க்குக் கீழே போனால் ஐலெட் (கயிறு கோக்கத் துளையில் அடிக்கும் உலோக வளையம்) பிய்த்துக்கொண்டு வரும். 200-க்கு மேல் போனால் மெல்லிய காற்றில் பாய் உருவமே எடுக்காது, துவண்டு தொங்கும்.

ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். 12க்கு 15 அடி என்பது 16.7 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் என்றால் 2 கிலோ, 150 என்றால் 2.5 கிலோ. ஒன்றரைக் கிலோதான் நின்றால் அது 90. நாடாவையும் வைத்து அளந்து பாருங்கள். 12 அடி என்பது பல நேரம் ஓரம் மடிப்பதற்கு முந்தைய அளவு. நிறத்தில் கறுப்பு வெயிலை அதிக நாள் தாங்கும், அதில் சேர்க்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். மெல்லிய நீலத் தார்ப்பாய்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம் போவது. எந்த நிறமானாலும் புற ஊதாப் பாதுகாப்பு சேர்த்தது என்று கேட்டு வாங்குங்கள்.

இனி வடிவம். நம் கரையில் பழகிய முக்கோணப் பாயையே எடுத்துக்கொள்வோம், சுலபத்துக்காகக் கீழேயும் ஒரு கழியோடு. மூன்று பக்கமும் 360 செ.மீ. வைத்தால் பரப்பு 5.6 சதுர மீட்டர். 13 அடிப் படகுக்கு, ஒன்றிரண்டு பேருக்கு, இது அளவான பாய். மேல் கழி பருமல். அதை ஏற்றும் கயிறு ஆஞ்சான், பின் மூலையைக் கையில் பிடிக்கும் கயிறு தாமான். கீழ்க் கழியும் பருமலும் முன்னால் சந்திக்கும் இடத்தை முன் மூலை என்றும், பருமலின் நுனியை உச்சி மூலை என்றும், கழி எதுவும் தாங்காத ஓரத்தைப் பின் ஓரம் என்றும் இங்கே சொல்கிறேன்.

தார்ப்பாய் நெடுக்கிலும் குறுக்கிலும் இழுபடாது, மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக இழுபடும். ஒரு துண்டை எடுத்து இழுத்துப் பாருங்கள், உடனே தெரியும். அதனால் கழி தாங்காத பின் ஓரம் நெசவோடு நேராக வர வேண்டும். மற்ற இரண்டு ஓரமும் மூலைவாட்டில் விழுந்தாலும் கழியும் கயிறும் தாங்கிக்கொள்ளும். இதை மாற்றி வெட்டினால் பத்து நாளில் பின் ஓரம் தொளதொளத்து, அப்புறம் எந்தத் திருத்தமும் பிடிக்காது.

வீட்டு மொட்டை மாடியிலோ கூடத்திலோ வெயில் ஏறும் முன்பு விரியுங்கள். சூட்டில் பாலித்தீன் தளர்ந்து நீளும், அளவு ஏமாற்றும். தொழிற்சாலை மடிப்பு ஓரத்தைப் பின் ஓரமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. அதனுள் இருக்கும் கயிறு துணியைச் சுருக்கி வைத்திருக்கும். பாயில் அது தூண்டில் முள் மாதிரி உள்ளே வளையும். 15 அடி நீள ஓரத்திலிருந்து 12 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு நேர்கோடு போடுங்கள், நடுவில் 360 செ.மீ. குறியுங்கள். இரண்டு முனையிலும் ஆணியோ கனமோ வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் 360 செ.மீ. நூல் பிடித்தால் இரண்டும் சந்திக்கிற இடம் முன் மூலை. கோட்டிலிருந்து அது 312 செ.மீ. தள்ளி விழ வேண்டும். விழாவிட்டால் நூல் இழுபட்டிருக்கிறது, திரும்ப அளக்கவும்.

இப்போது வயிறு. நேரான கழியில் வளைந்த ஓரத்தைக் கட்டினால் மிச்சத் துணி உள்ளே தள்ளப்பட்டு வயிறாகிறது. பாய் வெட்டும் கலையில் பாதி இது ஒன்றுதான். பருமல் ஓரத்தில் நேர்கோட்டுக்கு வெளியே குமிழாக வளைவு வர வேண்டும். முன் மூலையிலிருந்து 90 செ.மீ. தூரத்தில் 6 செ.மீ., 150-இல் 8, நடுவில் (180) 7.5, 270-இல் 4.5, உச்சியில் பூஜ்யம். கீழ் ஓரத்தில் இன்னும் குறைவு: முன்னிருந்து 140 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ., இரண்டு பக்கமும் மெல்லக் குறைய வேண்டும். பின் ஓரம் இதற்கு நேர்மாறு. அங்கே கோட்டுக்கு உள்ளே, நடுவில் 5 செ.மீ. குழிவாக வெட்ட வேண்டும். கழி தாங்காத ஓரத்தை நேராக விட்டால் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்; அந்த அடிதான் பாயை முதலில் கொல்வது.

புள்ளிகளைச் சேர்க்க நீளமான மூங்கில் பிளாச்சு ஒன்றைப் புள்ளிகளில் வளைத்து வைத்து, பேனாவால் இழுங்கள். கையால் வரைந்த வளைவு மேடும் பள்ளமுமாக வரும், ஒவ்வொரு மேடும் பாயில் ஒரு சுருக்கமாக நிற்கும். பிறகு எல்லாக் கோட்டுக்கும் வெளியே 4 செ.மீ. மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று: காற்றில் பருமலும் வளையும், அப்படி வளையும்போது நீங்கள் கொடுத்த வயிற்றைத் தின்றுவிடும். வெட்டும் முன்பே கழியை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தொய்வு 3 செ.மீ.க்குள் என்றால் மேலே சொன்ன அளவு போதும். அதற்கு மேல் எவ்வளவு தொய்கிறதோ அதைப் பருமல் வளைவில் கூட்டிக்கொள்ளுங்கள். 6 செ.மீ. தாண்டினால் கழியை மாற்றுங்கள், துணியால் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஓரத்தை மடிப்பதற்கு வருவோம். பாலித்தீனில் மரப் பசையோ சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷனோ நிற்காது; காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்துவரும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் 24 மி.மீ. அகலமானதை வாங்குங்கள். மடிக்கும் இடத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, உலரவிட்டு, டேப் ஒட்டி, கயிற்றை மடிப்பு விழும் கோட்டை ஒட்டி வைத்து மடித்து அழுத்திக்கொண்டே போங்கள். பருமல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 4 மி.மீ. பாலியஸ்டர் கயிறு. நைலான் இழுபடும், மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நார் நாராகப் பிரியும். கயிற்றை இழுத்து வைக்க வேண்டாம், துணியின் நீளத்துக்குத் தளர்வாகக் கிடக்கட்டும். இழுத்து வைத்தால் ஓரம் சுருங்கி, நீங்கள் கணக்குப் போட்ட வளைவு வீணாகும். பின் ஓரத்தில் கயிறே வேண்டாம். வெறும் மடிப்புக்குள் 2 மி.மீ. நூல்கயிறு ஒன்றை ஓடவிட்டு, மேல் முனையை மட்டும் தைத்து, கீழ் முனையை வெளியே விடுங்கள். ஓரம் படபடத்தால் அதை லேசாக இழுத்துக் கட்டலாம்.

டேப் பாயைப் பிடித்து நிற்கும் என்று தைக்காமல் விடுபவர்கள் உண்டு. காலையில் நிற்கும். மத்தியான வெயிலில் பசை இளகி மடிப்பு மெல்ல நழுவும். டேப் என்பது துணி நகராமல் இருக்க மட்டும், தாங்குவது தையல்தான். நூல் பாலியஸ்டர், ஊசி 18-ஆம் எண். தையலின் நீளம் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சின்னச் சின்னத் தையலாகப் போட்டால் பலம் என்று நினைப்போம், ஆனால் தபால்தலை விளிம்பு மாதிரி துளை வரிசை விழுந்து, அந்த வரிசையிலேயே கிழியும். ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் அதுவே மேல், இல்லாவிட்டால் நேர்த்தையல் இரண்டு வரி, நடுவில் 1 செ.மீ. விட்டு. டேப் பசை ஊசியில் அப்பி நூல் அறும். பத்து அடிக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊசியைத் துடைத்தால் ஓடும். துணி மெஷின் காலடியில் ஒட்டினால் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். இவ்வளவு பெரிய துணியை வீட்டு மெஷினில் நுழைக்கப் படுக்கிற பாய் மாதிரிச் சுருட்டித் துணி கிளிப் போட்டுத்தான் தள்ள வேண்டும். இது தொந்தரவு என்று பட்டால், ஒட்டு வேலையெல்லாம் முடித்து, ஆட்டோ சீட்டு, வண்டிக் கூரை தைக்கும் ரெக்சின் கடையில் கொடுங்கள். அவர்கள் மெஷினுக்கு இது சாதாரண வேலை, உங்கள் நேரமும் மிச்சம்.

மூலைதான் பாரம் முழுவதும் சேரும் இடம். வெட்டியது போக இரண்டு பெரிய முக்கோணத் துண்டு மிஞ்சியிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் மூன்று ஒட்டு: 45, 30, 20 செ.மீ. பெரியது முதலில், சிறியது மேலே. நெசவுத் திசை பாயின் நெசவோடு ஒத்துப் போகட்டும். மூன்றும் ஒரே அளவாக வைத்தால் அவை முடியும் கோட்டில் துணி மடங்கி மடங்கி வெட்டுப்படும். ஓரம் மடிப்பதற்கு முன்பே இவற்றை வைத்துத் தைத்துவிட்டால் மடிப்பு அவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். மூலையில் ஐலெட் மட்டும் அடித்து நம்ப வேண்டாம். பழைய கார் சாமான் கடையில் சீட் பெல்ட் நாடா கிடைக்கும், பாலியஸ்டர் அது. ஒரு பித்தளை அல்லது ஸ்டீல் வளையத்தில் அதைக் கோத்து, பாயின் இரண்டு முகத்திலும் 15 செ.மீ. படர விட்டு, பெட்டி வடிவில் குறுக்குக் கோடு சேர்த்துத் தைத்தால் துணி போனாலும் அது போகாது.

பருமல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 25 முதல் 30 செ.மீ.க்கு ஒரு ஐலெட், 10 அல்லது 12 மி.மீ. பித்தளை. கயிற்றுக்கு உட்புறமாக, மடிப்பின் இரட்டைத் துணியில் விழ வேண்டும். அப்போது இழுவை ஐலெட்டைத் தாண்டிக் கயிற்றுக்குப் போய்விடும். ஐலெட் அடிக்கும் கருவி இல்லையென்றால் சூடான ஆணியால் துளை போட்டு, ஓரக் கயிற்றையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாலும் போதும். தண்ணீரில் இருக்கும்போது ஒன்று பிய்ந்தால் ஒரு கோலிக்குண்டைத் துணிக்குள் வைத்து, பின்னால் கழுத்தை இறுக்கிக் கயிறு கட்டுங்கள். கரை வரும்வரை தாங்கும்.

கழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருமலுக்கும் கீழ்க் கழிக்கும் கல்மூங்கில், 380 செ.மீ., அடியில் 45 முதல் 50 மி.மீ. தடிமன், அடிப்பக்கம் முன் மூலைக்கு. கணுக்களுக்கு நடுவே நூல்கயிறு இறுக்கிச் சுற்றினால் பிளக்காது. முன் மூலையில் இரண்டையும் கயிற்றால் தளர்வாகப் பிணையுங்கள், கதவுக் கீல் மாதிரி அசைய வேண்டும். பாய்மரத்துக்குச் சவுக்குக் கம்பு, அடிப்பக்கம் 70 மி.மீ. தடிமன், நீளம் 275 செ.மீ. ஆஞ்சான் கட்டும் இடம் பருமலில் முன் மூலையிலிருந்து 160 செ.மீ. அங்கே பிடித்தால் முன் மூலை பாய்மரத்துக்கு 80 செ.மீ. முன்னால் நிற்கும், கீழ்க் கழி படகின் விளிம்புக்கு அரை மீட்டர் மேலே வரும்.

ஒவ்வொரு ஐலெட்டுக்கும் தனித்தனிக் கட்டுப் போடுங்கள். ஒரே கயிற்றைச் சுருளாக ஓட்டினால் ஓரிடத்தில் அறுந்ததும் முழு ஓரமும் அவிழும். மூலைகளை முதலில் இழுத்துக் கட்டி, நடுவிலிருப்பதைப் பிறகு.

பாயின் இழுவை மையம் முன் மூலையிலிருந்து 180 செ.மீ. பின்னால், அதாவது பாய்மரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் விழும். படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பக்கப் பலகையின் நடு அதற்கு நேர் கீழே இருக்கட்டும். அந்தப் பலகை இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாயானாலும் படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகும். சுக்கானை விட்டதும் படகு வேகமாகக் காற்றுக்கு முகம் திருப்பினால் பலகையை 10 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி ஓடினால் முன்னால். காற்றுக்கு மெல்லத் திரும்புகிற குணம் மட்டும் இருக்கட்டும். கை தவறினாலும் படகு தானே நின்றுவிடும்.

முதல் நாள் கரையிலேயே, மெல்லிய காற்றில் ஏற்றிப் பாருங்கள். கட்டுக்குக் கட்டு ஐலெட்டிலிருந்து சின்னச் சின்னச் சுருக்கம் கிளம்பினால் ஓரம் தளர்ந்திருக்கிறது, மூலையை இழுங்கள். பருமலை ஒட்டி நீளமாக ஒரு மடிப்பு ஓடினால் இழுத்தது அதிகம். பின் ஓரம் உள்ளே வளைந்து நின்றால் அங்கே மடிப்பு இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்கிறது. நடுப்பகுதித் தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பதைவிட வேறு வழியில்லை. காற்று ஒரு பக்கமிருந்து வரும்போது பாய் பாய்மரத்தில் ஒட்டி உருவம் கெடும். இது பாயின் குறை இல்லை, முக்கோணப் பாயின் குணம். இந்த அளவுப் பாய்க்கு அதை மாற்றிக் கட்டும் சிரமம் தேவையில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 18 கி.மீ. காற்றில் இந்தப் பாயில் சுமார் 10 கிலோ பாரம் விழும், 36 கி.மீ. காற்றில் 40 கிலோ. அதுவும் படகு விளிம்புக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில். முக்கோணப் பாயைப் பாதி சுருட்டிக் குறைப்பது வசதிப்படாது, இறக்குவதுதான் வழி. ஆகவே ஆஞ்சான் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சில் இருக்க வேண்டும், தாமான் எப்போதும் கையில் இருக்க வேண்டும். தாமானைக் கட்டி வைத்துவிட்டு வெற்றிலை போட்ட படகுதான் கவிழும். மிதவை உடுப்பு போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

வேலை முடிந்ததும் பாயைப் பருமலில் சுருட்டி, பழைய வேட்டியோ சாக்கோ சுற்றி, நிழலில் வையுங்கள். உப்பு பாலித்தீனை ஒன்றும் செய்யாது, வெயில்தான் தின்னும். மாதம் ஒருமுறை உச்சி மூலையருகே நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு பொடியாக உதிர்ந்தாலோ, சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளை வெளிச்சம் தெரிந்தாலோ அந்தப் பாயின் காலம் முடிந்தது. பலத்த காற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். தைத்த மூலை நாடாக்களையும் வளையங்களையும் பிரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓரக் கயிறும் அடுத்த பாய்க்கு ஆகும். பழைய பாயை அப்படியே புதுத் தார்ப்பாய் மேல் விரித்துக் கோடு போட்டுவிடாதீர்கள். மூலைவாட்டு ஓரங்கள் இரண்டும் இந்நேரம் இழுபட்டிருக்கும். அளவை நூல் பிடித்துத் திரும்ப எடுங்கள். வயிறு கூடியதா குறைந்ததா என்று ஒரு பருவம் ஓட்டியதில் தெரிந்திருக்கும், அந்த 8 செ.மீ.யை அதற்கேற்ப 7 என்றோ 9 என்றோ மாற்றிக்கொள்ளலாம்.